நூற்றைம்பத்தேழின் இரண்டாவது பூஜ்யம்

கணித நிலையத்தில் அவளுக்கு மீதியக்கா என்றுதான் பேர். வகுத்து மீதி சொல்வதுதான் வேலை. பெர்னூலி எண்கள் என்று ஒரு வரிசைப் பின்னங்கள் உண்டு. போகப் போக மேலே இருக்கும் தொகுதி அனுமார் வாலாக நீளும். ஒரு பகா எண்ணை எடுத்து, அதைவிடச் சின்ன இடங்களில் வரும் தொகுதிகளை மட்டும் அதால் வகுத்து மீதி பூஜ்யம் வந்தால், அந்தப் பகா எண்ணை ‘ஒழுங்கற்றது’ என்று அட்டவணையில் ஏற்றி, எத்தனையாவது பெர்னூலி எண்ணில் வகுபட்டது என்றும் எழுத வேண்டும். முப்பத்தேழுக்கு முப்பத்திரண்டு, ஐம்பத்தொன்பதுக்கு நாற்பத்துநாலு.

ஆறு வருஷமாக ஒரு பூஜ்யம் கிடைத்ததும் அடுத்த பகா எண்ணுக்குத் தாவிவிடுவாள். ஒழுங்கற்றது என்று தெரிந்த பிறகு இன்னும் என்ன தோண்டுவது? நமக்கும் அப்படித்தானே தோன்றும்!

அட்டவணை அச்சுக்குப் போகும் வாரம் கை சும்மா இருந்தது. ஒழுங்கற்ற எண்களை ஒவ்வொன்றாக எடுத்து, விட்ட இடத்திலிருந்து மேலே வகுத்துப் பார்த்தாள். நூற்றுநாற்பத்தொன்பது வரை மறுபடி பூஜ்யம் வரவில்லை. நூற்றைம்பத்தேழுக்கு அறுபத்திரண்டு என்று எழுதியிருந்தாள். நூற்றுப்பத்தாவது இடத்திலும் பூஜ்யம் வந்தது. நாலு தடவை வகுத்தாள். ‘எந்தப் பகா எண்ணும் இரண்டு இடத்தில் வகுபடவில்லை’ என்று இயக்குநர் முன்னுரையில் மார்தட்டி எழுதியிருந்தார், இவள் தாளை நம்பி.

வீட்டில் புருஷன் இடுப்பு உடைந்து படுக்கையில். இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. வாயை மூடிக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது? பாவி மனசு கேட்கவில்லை. உள்ளே போய்ச் சொல்லிவிட்டாள்.

இயக்குநர் கதவைச் சாத்தினார். “வேற யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாதுங்க ஐயா.”

“அப்ப தெரியவே வேணாம். மூணு மணிக்கு அச்சு ஓடுது. அடுத்த மாசம் உங்க ஒப்பந்தம் என் மேஜைக்குத்தான் வரும், ஞாபகம் இருக்கட்டும்மா.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்த ‘அம்மா’வைத்தான் தாங்க முடியவில்லை. நாளைக்கு யாரோ முகம் தெரியாத ஒருவர் அந்தப் பக்கத்தைப் புரட்டி, நூற்றைம்பத்தேழை நம்பி வருஷக்கணக்கில் மாரடிப்பார். மூணுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது நடையில் இருந்த தொலைபேசியை எடுத்தாள். அச்சகத்தின் எண்ணைச் சுழற்றினாள்.

“அச்ச நிறுத்துங்க. பட்டியல்ல தப்பு இருக்கு.”

“யாரு பேசறது?” என்றார் அச்சக மேலாளர்.

“தப்புப் பண்ணவ.”

திரும்பினால் இயக்குநர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகவோ.

“நாளையிலேருந்து வர வேணாம்.”

ஆறு வருஷமாக எந்த வார்த்தைக்குப் பயந்தாளோ, அதே வார்த்தை. புருஷனிடம் எப்படிச் சொல்வது? ஆனால் நாளையிலிருந்துதானே? ஐந்து மணி அடிக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. நாற்காலியில் போய் உட்கார்ந்து, அடுத்த ஒழுங்கற்ற எண்ணான இருநூற்றுமுப்பத்துமூன்றின் தாளை எடுத்து, விட்ட இடத்திலிருந்து வகுக்க ஆரம்பித்தாள்.