அக்கா பத்திரப்படுத்திய மறுப்புக் கடிதம்

அக்காவின் வீட்டுப் புத்தக அலுமாரியில் ஒரு நீலக் கோப்பு இருக்கிறது. வேலை தேடிய காலத்தில் வந்த மறுப்புக் கடிதங்களில் ஒன்றை மட்டும் அதில் வைத்திருக்கிறாள். மற்றவற்றையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டாள். அங்கே போனால் என் கண் அந்த நீலத்திலேயே போய் நிற்கும். தேநீர் ஆறிப்போகும்.

நான் பதினைந்து வயதிலேயே ஒரு காப்புறுதி அலுவலகத்தில் லேரே என்கிற தொழிற்பயிற்சிக்குச் சேர்ந்தவன். அம்மாவுக்கு அது பெரிய வெட்கம். கலியாண வீடுகளில் யாராவது கேட்டால் "அவனும் படிக்கிறான்" என்று கதையை மாற்றிவிடுவார். அக்கா பல்கலைக்கழகம் போனவள். அவளைப் பற்றி யாரும் கேட்கத் தேவையில்லை, அம்மாவே தொடங்கிவிடுவார். அந்த அக்கா பட்டத்தோடு ஒன்றரை வருஷம் வீட்டில் இருந்தாள். அனுப்பிய இடமெல்லாம் அனுபவம் கேட்டார்கள். கடைசியில், பயிற்சி முடித்து நான் வேலை செய்துகொண்டிருந்த எங்கள் அலுவலகத்தின் தொடக்கநிலை வேலை ஒன்றுக்கே விண்ணப்பித்தாள். "நீ ஒருத்தரோடயும் கதைக்கக்கூடாது. என்ர படிப்பைப் பாத்து எடுக்கட்டும்" என்று என்னிடம் கண்டிப்பாகச் சொன்னாள்.

விண்ணப்பங்களைப் பிரிக்கும் வேலை என்னிடம்தான் வந்தது. எங்கேயும் ஒரு நாள்கூட வேலை செய்யாதவர்களை ஒதுக்கிவிடச் சொன்னார் மேலாளர். அக்காவின் விண்ணப்பத்தில் படிப்பு மட்டுமே இருந்தது. ஆறு கோடைகாலம் இன்டர்லாக்கன் ஹோட்டலின் சலவை அறையில் அம்மாவோடு நின்றாளே, அதற்கு நற்சான்றிதழும் கொடுத்தார்களே, அதைக் காணோம். படித்த பிள்ளை கட்டில் விரிப்பு மடித்ததை எழுதுவதா என்று அம்மா தடுத்திருப்பார். அக்காவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து, அதையும் சேர்த்து அனுப்பச் சொல்லியிருக்கலாம். அவள்தானே கதைக்காதே என்றாள் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அது பொய். "அவனும் படிக்கிறான்" என்பதுதான் அன்று என் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. ஒதுக்கினேன். மறுப்புக் கடிதத்தையும் நானே எழுதினேன். வழக்கமான நாலு வரி போதாது என்று தோன்ற, ஆறுதலாக இன்னும் இரண்டு வரி சேர்த்து மேலாளரிடம் கையெழுத்து வாங்கினேன்.

அக்கா அதைச் சாப்பாட்டு மேசையில் இரண்டு முறை வாசித்தாள். "உங்கட ஒஃபிஸில ஆரோ மனமுள்ள ஆள் எழுதியிருக்கு" என்றாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அடுத்த விண்ணப்பத்தில் ஹோட்டலையும் எழுது என்று மட்டும் சொன்னேன். அம்மா முறைத்தார். அக்கா எழுதினாள். சில மாதங்களில் கூர் நகரத்தில் ஒரு மருத்துவமனை நிர்வாகத்தில் வேலை கிடைத்தது.

இப்போது அங்கே புதியவர்களைத் தேர்ந்தெடுப்பவள் அவள்தான். போன ஞாயிறு நீலக் கோப்பைத் திறந்து அந்தக் கடிதத்தை என்னிடம் நீட்டினாள். "வேலை கேட்டு எழுதுற பிள்ளையளுக்கு இல்லையெண்டு எழுதேக்க இதைப் பாத்துத்தான் எழுதுறனான். ஆர் எழுதினதெண்டு உனக்குத் தெரியுமோ?"

மேலாளராக இருக்கும் என்றேன்.

"அவருக்கு நான் நன்றி சொன்னனான் எண்டு சொல்லிவிடு" என்றாள்.