ஜோசபின் டீச்சருக்கு வந்த பதில்

மேலூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அறிவியல் நடத்தினார் ஜோசபின். வீடு மதுரை ஆனையூரில். காலையில் இரண்டு பஸ், மாலையில் இரண்டு பஸ், பதினோரு வருடமாக அதே பாடங்கள். அந்தப் பள்ளியில் அறிவியலுக்கு வேறு ஆசிரியர் இல்லாததால் சந்தேகம் கேட்க ஆள் கிடையாது. தலைமையாசிரியரிடம் வாய் திறந்தால், "போர்ஷனை முடிங்க டீச்சர்" என்பார்.

2004-இல் ஒரு பயிற்சி முகாமில் கரும்பலகையில் யாரோ எழுதிப்போட்ட முகவரியைக் குறித்துக்கொண்டு வந்தார். பல ஊர் அறிவியல் ஆசிரியர்கள் மின்னஞ்சலில் பேசிக்கொள்ளும் குழு அது. தெருமுனையில் பத்மாசினி நடத்திய பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அதில் சேர்ந்தார். மூன்று மாதம் வாசித்தாரே தவிர ஒரு வரி எழுதவில்லை. தன் இங்கிலீஷைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்று பயம்.

ஒரு சனிக்கிழமை துணிந்து எழுதினார். தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவே எரியும் மெழுகுவர்த்தியை நிறுத்தி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் சுடர் அணையும். தண்ணீர் உள்ளே ஏறும். தீர்ந்துபோன ஆக்ஸிஜனின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது என்று தான் நடத்துவதை விவரித்திருந்தார். அவர் வகுப்பில் பிள்ளைகள் கைதட்டும் ஒரே பாடம் அது.

திங்கட்கிழமை பதில் இல்லை. செவ்வாயும் இல்லை. புதன்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கி நேராக சென்டருக்கே போனார்.

"டெய்லி வாரீங்க, பாத்துட்டு உடனே எந்திரிச்சிர்றீங்க. யாரு டீச்சர் லெட்டர் போடணும்?" என்றார் பத்மாசினி.

"யாருன்னு தெரிஞ்சா நான் ஏன் பத்மா இப்படி அலையுறேன்?"

வியாழக்கிழமை பதில் வந்தது. புனேயில் வேலை பார்க்கும் ஸ்வர்ணா என்ற ஆசிரியை இரண்டே கேள்விகள் கேட்டிருந்தார். தண்ணீர் ஏறுவது சுடர் எரியும்போதா, அணைந்த பிறகா? அதே டம்ளருக்குள் மூன்று மெழுகுவர்த்தி வைத்தால் என்ன ஆகும்?

ஜோசபின் இத்தனை வருடத்தில் அதை உற்றுப் பார்த்ததே இல்லை. வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூட இறக்காமல் சமையல் மேடையில் தட்டை வைத்தார். எரியும்வரை தண்ணீர் அவ்வளவாக அசையவில்லை. அணைந்த பிறகு சட்டென்று ஏறியது. மூன்று வைத்தபோது இன்னும் உயரமாக ஏறியது. மறுபடியும் செய்தார். மறுபடியும்.

"என்ன ஜோசபின், கரண்டா போயிருச்சு?" என்று கேட்டபடி வந்தார் கணவர் ராயப்பன்.

"வத்தி கூடுனா உள்ள இருக்குற ஆக்ஸிஜன் கூடுமாங்க?"

"அதெப்படி கூடும்?"

"அப்பத் தண்ணி மட்டும் ஏன் கூட ஏறுது? சூட்டுல விரிஞ்ச காத்து வெளிய போயிருது. மிச்சம் ஆறிச் சுருங்குது. அதான் ஏறுது. நான் இம்புட்டு நாளும் தப்பா நடத்தியிருக்கேன்."

மறுநாள் வகுப்பில் மூன்று மெழுகுவர்த்தியையும் ஏற்றிக் காட்டிவிட்டு, போன மாதம் தான் சொன்னது தவறு என்றார். சோணையம்மாள் என்ற மாணவி எழுந்தாள்.

"பரீட்சைல எத எழுதணும் டீச்சர்?"

சாக்பீஸை உருட்டிக்கொண்டே நின்றார் ஜோசபின். "தெரியலம்மா. கேட்டுச் சொல்றேன்."

அந்த வார்த்தையை வகுப்பில் அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தக் கேள்வியையே குழுவுக்கு அனுப்பினார். பத்தொன்பது பதில்கள் வந்தன. ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவில்லை. கடைசியில் பிள்ளைகளை இரண்டு விளக்கத்தையும் எழுதச் சொன்னார். தலைமையாசிரியர் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். அரையாண்டுத் தேர்வில் அந்தக் கேள்வி வரவே இல்லை.

ஆனால் ஜோசபினுக்கு நிம்மதி போய்விட்டது. புத்தகத்தைத் திறந்தாலே இதிலும் எது தப்போ என்று அரித்தது. ஒவ்வொரு பாடமாகக் குழுவில் கேட்டார். சமயநல்லூர், மேலூர் ஆசிரியர்களையும் இழுத்துச் சேர்த்தார். 2007-இல் மதுரையில் ஒரு பள்ளிக்கூட அறையில் இந்தப் பக்கத்து ஆசிரியர்கள் முதல்முறையாக நேரில் கூடியபோது பதினான்கு பேர் வந்தார்கள். முதலில் எழுந்த ஜோசபின், தான் பதினோரு வருடம் தவறாக நடத்திய பாடத்தைச் சொன்னார். பிறகு பின்வரிசையில் ஒருவர் கை தூக்கி, "எனக்கும் ஒண்ணு இருக்கு டீச்சர்" என்றார்.