குடைத்துணி ஒட்டிய இடம்

கை கழுவாமல் அந்தப் போர்வையை யாரையும் தொட விடமாட்டேன். கழுவி, துடைத்து, மோதிரத்தையும் கழற்றி வைக்க வேண்டும். என் மருமகளுக்கும் இதே சட்டம்தான். "இந்தப் போர்வைக்கு இருக்கற மரியாத இந்த வூட்ல எனக்கில்ல" என்று முணுமுணுப்பாள். இல்லைதான்.

அம்மா அரூரில் வீட்டிலேயே ரவிக்கை தைத்தவள். வெட்டியது போக விழும் பிட்டுத்துணி தைப்பவருக்கு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்படி விழுந்த பட்டு, வாயில் பருத்தி, பூப்போட்ட சீட்டி எல்லாவற்றையும் கோணல்மாணலாக இணைத்து, ஒவ்வொரு துண்டின் மேலும் மயில், மாங்காய், மீன் என்று நூலால் பூவேலை செய்து அந்தப் போர்வையை வளர்த்தாள். ஐம்பது வருஷம் தாண்டிவிட்டது. இற்றுப்போன பட்டின் மேல் மெல்லிய வலைத்துணி வைத்துத் தைத்திருக்கிறேன். வெயிலில் போடுவதில்லை. மடித்தால் மடிப்பில் நூல் அறும் என்று வெள்ளை வேட்டியோடு சேர்த்துக் அட்டைக் குழாயில் சுருட்டி, பூச்சி வராமல் இருக்க வசம்பு முடிச்சு போட்டு வைத்திருக்கிறேன். நடுவில் மட்டும் ஒரு துண்டு கருப்பு. பழைய குடைத்துணி. அதில் ஒரு பூ கூடக் கிடையாது.

மருமகள் அதைப் படம் பிடித்து வாட்ஸப்பில் போட, போன மாதம் ஒருத்தி வந்து நின்றாள். அந்தக் காலத்தில் எங்கள் தெருவின் பெரிய வீட்டுக்காரி. இப்போது கைத்தடி.

"எம் முகூர்த்தப் பட்ட, பசங்க பழைய ஜரிகை வாங்கறவன்கிட்ட போட்டுட்டாங்க கண்ணு. அவரு போனப்புறம் அதப் பாக்கணும்னு மனசு அடிச்சுக்குது. உங்கம்மா அதுல ஒரு துண்டு எடுத்து வெச்சிருப்பாளே. ஒருக்கா காட்டேன்."

எடுத்து வெச்சிருப்பாளாம்! இத்தனை வருஷம் கழித்தும் அந்த வாய் மாறவில்லை. எனக்கு உள்ளங்காலில் இருந்து உச்சி வரை எரிந்தது.

"கைய கழுவிட்டு வாங்க" என்றேன். கழுவி வந்தாள். "சோப்பு போட்டு" என்றேன். மறுபடி போனாள். போர்வையைக் கட்டிலில் விரித்து, "தேடுங்க" என்றேன்.

கண்ணாடியை ஏற்றி இறக்கி, ஒவ்வொரு துண்டாகப் பார்த்தாள். அரக்குச் சிவப்பு எது தென்பட்டாலும் "இதுவா?" என்பாள். "இல்லீங்க" என்பேன். காபி வேண்டுமா என்று கூட நான் கேட்கவில்லை. குனிந்து குனிந்து முதுகு நோகட்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன்?

"இல்லியே கண்ணு" என்றாள் கடைசியில்.

"எப்படிங்க இருக்கும்? நீங்கதான் அன்னிக்கே வாங்கிட்டுப் போயிட்டீங்களே."

அப்போது எனக்கு ஒன்பது வயது. "அரை முழம் திருடிட்டியேடி!" என்று தெருவைக் கூட்டிக் கத்தினாள் இவள். விழுந்தது உள்ளங்கை அகலம். அதன் மேல் அம்மா கிளி போட்டு, போர்வையின் நட்டநடுவில் தைத்திருந்தாள். பிளேடால் தையலைப் பிரித்து, கிளியோடு அதை இவள் கையில் கொடுத்தாள். மீதியை அம்மா ஒளித்து வைத்திருக்கிறாள் என்றே அப்போதும் இவள் சாதித்தாள். அதன் பிறகு தெருவில் ஒருத்தரும் அம்மாவிடம் துணி கொடுக்கவில்லை. அம்மா செங்கல் சூளைக்குப் போனாள். ஊசியைத் தொட்டது அந்த ஓட்டையை அடைக்க மட்டும்தான்.

"அந்தக் கிளிய என்ன பண்ணீங்க?"

கண்ணாடியைக் கழற்றினாள். பிறகு, "ஆத்திரத்துல அடுப்புல போட்டுட்டேன் கண்ணு" என்றாள்.

அழுதாள். கண்ணீர் பட்டால் கறை பிடிக்கும் என்று போர்வையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"நல்ல பட்டா நானே வாங்கித் தரேன். அந்தக் கருப்ப எடுத்துட்டு அங்க வெச்சுத் தெச்சுடு சாமி. எம் பாவம் தீரட்டும்."

"பழசுல புதுசு சேக்கக் கூடாதுங்க. கருப்பு அப்படியேதான் இருக்கும். பாக்க வரவங்க எல்லாரும் அது என்னன்னு கேக்கறாங்க. இத்தன நாளா தெரியாதுன்னு சொல்லிட்டிருந்தேன். இனிமே சொல்லுவேன்."