கூட்ஸ் வண்டி என்று நினைத்தது

பிரிக்பீல்ட்ஸில் கிள்ளான் ஆற்றங்கரையில் வெறுங்காலோடு நிற்கிறேன். நண்பர் வீட்டு ஒன்பதாம் மாடியில் விளக்கு ஊசலாடியதும் அந்த அடுக்குமாடி பிளாட்டே படியிறங்கி ஓடி வந்தது. நானும் ஓடி வந்தேன். சுமத்ராவில் நிலநடுக்கம் என்கிறது யாருடைய வானொலியோ. ஆறு பால் கலந்த தேநீர் நிறத்தில், வழக்கமான வேகத்தில் போகிறது.

கரையில் வரிசையாகப் பலகை வீடுகள். அவற்றை ஒட்டியே தண்டவாளம். ஒரு வாசலில் மீன் கழுவிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் கேட்கிறேன்.

"ஆட்டம் தெரிஞ்சதாக்கா?"

"சட்டி ஆடுச்சு தம்பி. கூட்ஸ் வருதுன்னு நெனச்சேன் லா."

ஆற்றங்கரை ஆபத்து என்று அடுத்த மாதம் இந்த வீடுகளை உடைக்கிறார்களாம். அவருக்கு மாற்று வீடு, நாங்கள் ஓடி வந்த அதே பிளாட்டில், பதினோராம் மாடியில்.

தகரக் கூரை நடுங்குகிறது. கரையில் உட்கார்ந்துவிட்ட பிளாட்காரர்கள் அத்தனை பேரும் பதறி எழுகிறோம். அவர் சட்டியை மட்டும் ஒரு கையால் பிடித்துக்கொள்கிறார்.

"உக்காருங்க. இது ரயிலுதான்."

கடைசிப் பெட்டி போன பிறகு பிளாட்டை அண்ணாந்து பார்க்கிறார்.

"அவ்வளவு ஒசரத்துல ரயிலுக்கு ஆடாதுல்ல தம்பி? அப்புறம் ஆடுனா, என்னான்னு நெனச்சிக்கிறது?"