வயிறு தட்டிப் பார்க்கும் ஆயாம்மா

குழந்தைப் பவுடரும் நெத்திலி வறுவலும் கலந்த வாசம் எங்கே வந்தாலும், லாபுத் தோட்டத்து ஆயாம்மா என் முன்னால் வந்து நிற்கிறார். வீட்டிலேயே பிள்ளைகள் காப்பகம் நடத்தினார். ஆள் உயரம், குரல் அதைவிட உயரம். சாப்பாடு முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையின் வயிற்றையும் பலாப்பழம் போலத் தட்டிப் பார்ப்பார். பிள்ளைகள் சிரித்துப் புரளும்.

என் மகளை அழைக்கப் போன ஒரு மத்தியானம், செம்பனைக் குலை வெட்டும் ஒருவர் முழுக் கட்டணத்தையும் நீட்டிக்கொண்டு நின்றார். அவர் மகனுக்கு அரசாங்க உதவித்தொகை கிடைத்த முதல் மாதம் அது. பெரும்பகுதியை அரசாங்கம் கட்டிவிடும். அவர் கட்டவேண்டியது சிறு பங்குதான்.

"முழுசா வாங்கிக்குங்க ஆயாம்மா. இல்லாட்டி பையன நிப்பாட்டிடுறேன். ஓசிப் பிள்ளைன்னு அவன யாரும் ஒதுக்கக் கூடாது லா."

"கூட வாங்குனா என் லைசென்ஸு போயிரும்ண்ணே," என்ற ஆயாம்மா, பிள்ளைகள் படுத்திருந்த பாயைக் காட்டினார். "நீங்களே தட்டிப் பாருங்க. எந்த வயித்துல கவர்மெண்டு சோறுன்னு சொல்லுங்க பாப்போம்!"

அவர் தயங்கித் தயங்கி ஐந்து வயிறுகளையும் தட்டினார். ஐந்தும் ஒரே மாதிரி திம்மென்றன. கடைசியில் படுத்திருந்தவள், முழுக் கட்டணம் கட்டும் என் மகள். அவள் எழுந்து அவர் வயிற்றைத் திருப்பித் தட்டினாள். மனிதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஒரு தகப்பனின் கூச்சத்தை அவ்வளவு லேசாக இறக்கிவைக்க ஆயாம்மா எங்கே கற்றாரோ, இன்றும் எனக்குத் தெரியவில்லை.

பணத்தைப் பைக்குள் திணித்து, மகனைத் தோளில் ஏற்றிக் கிளம்பியவரை ஆயாம்மா வாசலில் மறித்தார்.

"எங்கண்ணே ஓடுறீங்க? உங்க பங்கு எங்க? அதுல ஒரு வெள்ளி கொறைஞ்சாலும் விடமாட்டேன் லா!"