இரைச்சலான ஏரியாவில் ஒரு வீடு

வீட்டு புரோக்கர் என்றால் வாயைத் திறந்தாலே பொய் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. நான் அப்படியொன்றும் பெரிய பொய் சொன்னதில்லை. தண்ணீர் வரும் என்பேன். எப்போது வரும் என்று கேட்டால்தானே சிக்கல். ஆனால் ஒரு பொய்யை மட்டும் வாய் கூசாமல் பல வருஷமாகச் சொல்லி வருகிறேன்: "ரொம்ப அமைதியான ஏரியா சார்." இந்த நகரம் வீங்குகிற வேகத்தில் அமைதியான ஏரியா என்று ஒன்று கிடையாது. இன்றைக்கு ஓர் இடம் அமைதியாக இருந்தால், பக்கத்து மனையில் இன்னும் யாரும் அஸ்திவாரம் தோண்டவில்லை என்றுதான் அர்த்தம். இருந்தாலும் வருகிற அத்தனை பேரும் முதலில் கேட்பது அதைத்தான்.

அதனால், அந்தத் தையல்கார அம்மா வந்து உட்கார்ந்து, "அண்ணே, நல்லா இரைச்சலா இருக்கற ஏரியாவுல ஒரு வீடு வேணும்" என்றபோது, என்னை வைத்து விளையாடுகிறார் என்றே நினைத்தேன்.

"எவ்வளவு இரைச்சலா?" என்று நானும் கிண்டலாகக் கேட்டேன்.

"பக்கத்துல நின்னு பேசினாக்கூட காதுல விழக்கூடாது. ராத்திரியும் இருக்கணும். விடியக்காலைல ரொம்ப முக்கியம்."

ஐம்பதை நெருங்கும் வயது. புடவையெல்லாம் நூல் பிசிறு. சோபாக் கடைகளுக்கு மெத்தை உறை தைத்துக் கொடுக்கிறாராம், வீட்டிலேயே. பேசும்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மதியம் மட்டும்தான் வீடு பார்க்க வர முடியும், அதுவும் சீக்கிரம் திரும்ப வேண்டும் என்றார். அவர் போனதும், என்னோடு தொழில் செய்கிற கூட்டாளி, "நோட்டு அடிக்கிற மெஷின் ஏதாவது வாங்கியிருப்பாங்க, எதுக்கும் அட்வான்ஸை வெளிச்சத்துல தூக்கிப் பாரு" என்றான். சிரித்தோம்.

மறுநாள் ஸ்கூட்டரின் பின்னால் உட்காரவைத்து ரயில் பாதை ஓரம் ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போனேன். இந்த வீட்டைத் தள்ளிவிட நான் படாத பாடு பட்டிருக்கிறேன். ரயில் போனால் அடுக்களையில் பாத்திரம் நடுங்கும். அந்த அம்மா நடுக்கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ரயில் ஒன்று தடதடவென்று போனது. முகம் மலர்ந்தது. போய் முடிந்ததும் அப்படியே வாடிவிட்டது.

"அடுத்தது எப்ப வரும்?"

"அது வர்றப்ப வரும்மா."

"நடுவுல சும்மா இருக்கேண்ணே."

சந்தைக்குப் பின்னால் ஒரு வீடு. பகலில் காது கிழியும், சாயங்காலம் கடை சாத்தினால் ஈ பறக்கிற சத்தம் கேட்கும். பேருந்துப் பணிமனைக்கு எதிரில் ஒரு வீடு. அங்கே விடியற்காலையில் வண்டிகளைக் கிளப்பி உறுமவிடுவார்கள்தான், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் இருமுவது ஒட்டுச்சுவர் வழியாகக் கேட்டது. அந்த அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். எனக்குப் பொறுமை போய்விட்டது. வெயில் வேறு.

"ஏம்மா, ஊரே நிம்மதியா தூங்க இடம் தேடுது. உங்களுக்கு மட்டும் என்ன வேண்டுதலா? விஷயத்தைச் சொன்னாத்தானே நான் தேட முடியும்?"

அவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு ஒரே பொண்ணுண்ணே. இருபத்தாறு வயசாச்சு, இன்னும் பாப்பான்னுதான் கூப்பிடறேன். பேச்சு வராது. கத்துவா. பசிச்சா ஒரு மாதிரி கத்துவா, பயந்தா ஒரு மாதிரி. சந்தோஷம் வந்தா தெருவே எழுந்து நிக்கும். விடியக்காலைல முழிச்சுப்பா. எனக்கு அது பேச்சு. பக்கத்து வீட்டுக்கு அது அலறல்தானே. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. நான் அவளைப் போட்டு அடிக்கிறேன்னு போலீஸ் வரைக்கும் போயிருக்காங்க."

வீடு வீடாகக் காலி செய்துகொண்டே நகரத்தின் விளிம்புக்கு வந்திருக்கிறார்கள். கணவர், பாப்பா சின்னவளாக இருந்தபோதே, கொஞ்சம் காற்றாட நடந்துவிட்டு வருகிறேன் என்று போனவர். அந்த மனிதருக்கு இன்னும் காற்று போதவில்லை போலிருக்கிறது.

"இந்த மாசக் கடைசியில காலி பண்ணியாகணும். வீடு கெடைக்கலைன்னா பாப்பாவைக் காப்பகத்துல விடணும். எனக்கு ஆபரேஷன் ஆனப்ப ஒரு தடவை விட்டேன். கூட்டிட்டு வர்றப்ப வாயோரமெல்லாம் புண்ணு. கத்தினா துணி வச்சுக் கட்டுவாங்களாம். அங்க வேலை செய்யற பொம்பளைதான் என்னைத் தனியா கூப்பிட்டுச் சொல்லிச்சு."

அழவில்லை. கடிகாரம் இல்லாததால் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அவ மத்தியானத் தூக்கம் கலையற நேரமாச்சு, போலாமா" என்றார். திரும்பும் வழியெல்லாம் அந்தக் காப்பகக்காரர்களை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வண்டி ஓட்டினேன். அவருக்குக் கேட்டிருந்தால் கேட்டிருக்கட்டும்.

அன்றிலிருந்து எனக்கும் அதே பைத்தியம் பிடித்துவிட்டது. போகிற இடமெல்லாம் வண்டியை நிறுத்திக் காதைக் கொடுத்துக் கேட்டேன். இத்தனை வருஷம் இந்தத் தெருக்களில் சுற்றியவன், அப்போதுதான் அவற்றைக் கேட்டேன். கடைசியில் புறவழிச் சாலைக்கு அப்பால், போல்ட் செய்கிற பட்டறை ஒன்றை ஒட்டி, ஒட்டுச்சுவர் இல்லாத ஒரு தனி வீடு கண்ணில் பட்டது. பட்டறையில் இரவும் பகலும் ஷிப்ட். இரும்பை அழுத்தி வெட்டுகிற இயந்திரங்கள் வரிசையாக நின்று, ஒன்று ஓய்ந்தால் ஒன்று அடிக்கும். தரை உள்ளங்காலில் அதிர்ந்தது. அந்த வீட்டுக்கு ஆளே வருவதில்லை என்று வீட்டுக்காரர் வெறுத்துப்போயிருந்தார்.

தையல்கார அம்மா உள்ளே வந்ததும், "நீங்க வெளிய போய் எதிர் வீட்டு வாசல்ல நில்லுங்க. நான் கத்திப் பாக்கறேன்" என்று என் காதருகே குனிந்து சொன்னார்.

"நீங்களா?"

"பாப்பா மாதிரியே கத்துவேன். எனக்குத் தெரியாததா."

போய் நின்றேன். காத்திருந்தேன். இரும்பு விழுகிற சத்தம் தவிர ஒன்றுமில்லை. மெல்ல ஜன்னல் பக்கமாக வந்து எட்டிப் பார்த்தேன். அந்த அம்மா நடு அறையில் நின்று, இரண்டு கையையும் முஷ்டியாக மடக்கிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார். நிறுத்தி மூச்சு வாங்கி மறுபடி கத்தினார். கன்னமெல்லாம் கண்ணீர். அது சோதனைக்காகக் கத்துகிற கத்தல் இல்லை என்பது பார்க்கிற யாருக்கும் தெரியும். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு ஒரு சின்ன முனகல்கூட வரவில்லை. நான் பார்த்ததைக் காட்டிக்கொள்ளாமல் திரும்பிப் போய் நின்றுகொண்டேன்.

வெளியே வந்தவர் முகத்தைத் துடைத்திருந்தார். "கேட்டுச்சா?"

"இல்லம்மா."

"நெசமா?"

"சத்தியமா ஒண்ணுமே கேக்கலை."

சிரித்தார். அந்த அம்மா சிரித்து நான் பார்த்தது அன்றுதான். மாதக் கடைசிக்கு முன்பே குடி வந்துவிட்டார்கள். நான் கமிஷன் வாங்கவில்லை என்று கூட்டாளிக்கு இன்னும் தெரியாது.

அதன்பிறகு நான் நிம்மதியாகத்தான் இருந்தேன். ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட திமிர்கூட இருந்தது. மழைக்காலம் தொடங்கியபோது அவர் என் கடைக்கு வந்தார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கூடவே பாப்பா. அப்போதுதான் அவளை முதல் தடவையாகப் பார்க்கிறேன். நல்ல உயரம், அம்மாவின் கண். வலது கையில் மூன்று விரல் சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தது. நாற்காலியில் உட்காரவைத்ததும் அப்படியே தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா ஆச்சு?"

"குளியலறைக் கதவுல விரல் மாட்டிக்கிச்சுண்ணே, கீல் பக்கம். நான் முன்னறையில மெஷின்ல உக்காந்திருந்தேன். அவளுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு." நிறுத்தினார். "நூல்கண்டு தீர்ந்துபோச்சு. அதை எடுக்க எந்திரிச்சேன். எந்திரிக்கலைன்னா இன்னும் எவ்வளவு நேரமோ. போய்ப் பாத்தா, வாயைத் திறந்து கத்திக்கிட்டே இருக்கா. முகமெல்லாம் நீலம் பாரிச்சுக் கெடக்கு. ஊருக்குக் கேக்கக் கூடாதுன்னு பாத்துப் பாத்து வீடு புடிச்சேன். எனக்கும் கேக்கலை."

மேஜைமேல் கிடந்த சாவிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன்.

"அன்னையிலிருந்து இவ கத்தறதே இல்லண்ணே. பசிச்சாலும் இல்ல, கட்டைப் பிரிச்சு மருந்து போடறப்பவும் இல்ல. கத்தினா அம்மா வரமாட்டான்னு முடிவு பண்ணிட்டா. அவளுக்கு என்ன வேணும்னே எனக்குத் தெரியலை. சோறு போட்டா திங்கறா, போடலைன்னா சும்மா இருக்கா. அமைதியா ஒரு வீடு பாருங்க. அவ லேசா முனகினாக்கூட எனக்குக் கேக்கணும்."

"அங்க இவ மறுபடி கத்த ஆரம்பிச்சா காலி பண்ணச் சொல்லுவாங்களேம்மா. உங்களுக்கே தெரியும்."

"தெரியும்."

"அப்புறம் எங்க போவீங்க?"

அவர் பாப்பாவின் விரல்கட்டை மெல்லச் சரிசெய்தார்.

வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் ஒருவர், தன் வீட்டு மாடியை வாடகைக்கு விட இருந்தார். உண்மையிலேயே அமைதியான தெரு, நான் புளுகத் தேவையில்லாத தெரு. பெண்ணுக்குப் பேச்சு வராது என்று சொன்னேன். சத்தம் போடுவாளா என்று கேட்டார். "இப்ப போடறதில்ல சார்" என்றேன். அது உண்மைதான். நேரில் பார்க்க வேண்டும் என்றார். பாப்பா அவர் எதிரில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "என்ன ஒரு அடக்கமான பொண்ணு" என்று அவர் தன் மனைவியிடம் மெச்சினார். அந்தத் தாய் தலையைக் குனிந்துகொண்டார்.

குடி போனபின் அவ்வப்போது போன் செய்வார். "இன்னைக்கும் இல்லண்ணே" என்பார், அவ்வளவுதான். மெஷினைச் சுவர்ப் பக்கம் போடாமல், பாப்பா படுக்கிற அறையைப் பார்த்துப் போட்டிருக்கிறாராம். தைத்துக்கொண்டே இருந்து, அடிக்கடி நிறுத்திக் காது கொடுத்துக் கேட்பாராம். விரல் ஆறிவிட்டது. குரல் வரவில்லை. டாக்டர் தொண்டையில் கோளாறு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

போன வாரம் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வீட்டுக்காரர். குரல் நடுங்கியது, கோபத்திலா பயத்திலா தெரியவில்லை.

"என்னய்யா வாடகைக்கு ஆள் வச்சிருக்க? விடியறதுக்குள்ள அந்தப் பொண்ணு கத்தற கத்தல்ல என் மனைவி கட்டில்ல இருந்து விழாத குறை. நாலு வீட்டுக்காரங்க வாசல்ல வந்து நிக்கறாங்க. நீயே பேசிக் காலி பண்ண வை."

வாயைக் கொப்பளித்துவிட்டு அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். எடுத்ததும் பின்னணியில் கேட்டது. நான் அந்தச் சத்தத்தை அதற்குமுன் ஜன்னல் வழியாக ஒருதடவை பார்த்திருக்கிறேனே தவிர, கேட்டதில்லை. நீளமாக, உச்சியில் போய் உடைந்து, மறுபடி ஏறியது. போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, வீட்டுக்காரர் போன் பண்ணாரு. காலி பண்ணச் சொல்றாரு."

"ஆமாண்ணே, கீழ நின்னு திட்டிக்கிட்டிருக்காரு. கேக்குதாண்ணே உங்களுக்கு? பசி வந்திருக்கு பாப்பாவுக்கு. இது பசிக் கத்தல்." அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பிரிக்க முடியவில்லை.

"வேற வீடு ஒண்ணும் கையில இல்லம்மா. காப்பகம்தான்னு ஆயிடும்."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பாப்பா மட்டும் பேசிக்கொண்டிருந்தாள்.

"அவர்கிட்ட மாசக் கடைசி வரைக்கும் மட்டும் டைம் கேட்டு வாங்கிக் குடுங்கண்ணே" என்றார் அந்த அம்மா. "அதுவரைக்கும் அவ இஷ்டத்துக்குக் கத்தட்டும்."