சட்டைப்பையில் இருந்த மாத்திரை

அரசு ஆஸ்பத்திரியில் எய்ட்ஸ் மாத்திரையை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியிருந்த நேரம். உப்பு லாரி ஓட்டும் என் கணவரின் சட்டையைத் துவைக்க எடுத்தபோது, பையில் ஒரு மாத்திரை காகிதத்தில் மடித்திருந்தது.

"என்னங்க இது?"

"நோய் இருக்குற கூட்டாளி குடுத்தான். வெளிய பொம்பளகிட்ட போறதுக்கு முன்னாடி ஒண்ணு போட்டா எதுவும் ஒட்டாது. நீ உப்புப் பாத்தியில எறங்கறதுக்கு முன்னாடி கால்ல எண்ணெ தடவிக்கிறியே, அந்த மாதிரி" என்றார், வெட்கமே இல்லாமல். ஆணுறையை எப்போதோ விட்டுவிட்டாராம்.

நோயாளி ஒருவேளைகூடத் தவறாமல் விழுங்க வேண்டிய மாத்திரையை வாங்கித் தின்றுவிட்டு, அதே உடம்போடு என்னிடமும் வந்திருக்கிறார்!

மறுநாளே அவரையும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். "ஒரு மாத்திரைய முழுங்கிட்டுப் போனா யாரையும் காப்பாத்தாதுங்க" என்று நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தும் இருவருக்கும் நோய் இல்லை.

"அதான் ஒண்ணும் ஒட்டலியே" என்று பல்லை இளித்தார் இவர்.

தினமும் எண்ணெய் தடவியும் வெடித்து ரத்தம் கசியும் என் பாதங்களை அவர் முன்னே நீட்டினேன். "இதப் பாத்துட்டுச் சொல்லுய்யா."

இப்போது ஆணுறை இல்லாமல் என் பாய்ப்பக்கம் அவர் வர முடியாது. சட்டையையும் அவரேதான் துவைத்துக்கொள்கிறார். எனக்கு அதைத் தொடவே கூசுகிறது.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மரக்காணம்